காப்பியின் சரிவும் குறியீட்டு நிதியும்

இலங்கையில் மஹய்யாவச் சுரங்கத்தின் வழியே கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் இருப்புப்பாதை 1880இல் திறக்கப்பட்டபோது, அது எந்தக் காப்பிக்காகக் கோரப்பட்டதோ அந்தப் பயிரை, 1869இல் தோன்றிய இலைத்துரு நோய், இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் பொடியாய்ப் படர்ந்து ஏற்கெனவே நலிவித்திருந்தது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884 மே மாதம் முறிந்தது. தோட்டத் துரைமார் முதலை இழந்தனர், தமிழ்த் தொழிலாளரோ நிலுவைக் கூலியை இழந்தனர் என்பதையும் வரலாறு எழுதுவோர் மறத்தலாகாது. அந்த முறிவுக்கு அடுத்த ஆண்டே, சிறு சேமிப்புகளுக்கென அஞ்சலகச் சேமிப்பு வங்கி தொடங்கியது.

பின்னர் தேயிலை தழைக்க, 1896இல் கொழும்பில் பங்குத் தரகர் சங்கம் அமைந்தது. எனினும் அங்கு கைமாறியவை பெரும்பாலும் தோட்டக் கம்பனிப் பங்குகளே ஆதலால், 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானபோது, ஒரே தொழிலில் பணத்தைக் குவித்தல் என்னும், காப்பிக் காலத்துப் பழைய பிழை வேறு வடிவில் வெளிப்பட்டது.

இதற்கு மாற்றான குறியீட்டு நிதி, அதாவது பங்கு எதையும் தேர்ந்தெடுக்க முயலாமல் சந்தைக் குறியீட்டிலுள்ள எல்லாக் கம்பனிகளையும் அவற்றின் விகிதப்படி வாங்கிவைப்பதால் நிர்வாகக் கட்டணம் குறையும் கூட்டு முதலீடு, அமெரிக்காவில் ஜான் போகல் என்பவரால் 1976இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இத்தகைய நிதி பின்பற்றக்கூடிய, கொழும்புச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைக் குறியீடு 1985ஐயே அடிப்படை ஆண்டாகக் கொண்டது. ஆயினும் இலங்கைத் தொழிலாளர் பலருக்கு நீண்டகால முதலீடு என்பது 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்து, பெரும்பகுதியை அரசாங்கப் பிணையங்களில் இடும் ஊழியர் சேமலாப நிதியாகவே உள்ளது.