'அரசல்லாதோர்' என்னும் பெயர்: அமேசன் இறப்பர்த் தொழிலாளரை முன்வைத்துச் சில குறிப்புகள்

அனைத்துலகச் சுற்றாடல் ஆளுகை பற்றி எழுதுவோர் பெரிதும் எடுத்தாளும் தொடர்களுள் 'அரசல்லாத செயற்படுநர்' என்பதும் ஒன்றாகும். காடு, கடல், வளிமண்டலம் ஆகியவை பற்றிய முடிவுகளில் அரசுகள் மட்டுமன்றித் தொண்டு நிறுவனங்கள், அறிவியலாளர், தொழிற்சங்கங்கள், பழங்குடியினர், வணிகக் கம்பனிகள் முதலியோரும் பங்குகொள்கின்றனர் என்பதே இதன் கருத்து. கூற்றுத் தவறன்று. ஆயின் எதிர்மறையால் ஆக்கப்பட்ட இப்பெயர், கம்பனியையும் அதனால் நிலமிழந்தவனையும் ஒரே இனமாக்கி விடுகின்றது. ஒருவர் அரசைச் சாராதவர் என்று கூறும் அச்சொல், அவர் எவ்வர்க்கத்தைச் சார்ந்தவர் என்பதைக் கூறுவதில்லை. இதனை ஒரு வரலாறு கொண்டு நோக்குவோம்.

பிறேசிலின் மேற்கெல்லையிலே ஆக்ரே மாநிலம் உள்ளது. அங்குக் காட்டு இறப்பர் மரங்களிற் பால் வெட்டி வாழ்ந்தோர் தலைமுறை தலைமுறையாக முதலாளியிடம் கடன்பட்டவர்கள். அரிசியும் உப்பும் அவனிடமே வாங்க வேண்டும். பாலையும் அவனுக்கே விற்க வேண்டும். கணக்கு அவன் கையில். எழுத்தறிவு அவர்களை எட்டாதிருந்தமை தற்செயலன்று. (இம்மரத்தின் வித்துக்களை ஹென்றி விக்கம் 1876இல் இலண்டன் கியூப் பூங்காவிற்குக் கொண்டுசென்றார். அங்கு முளைத்த நாற்றுக்கள் அவ்வாண்டிலேயே இலங்கைக்கு வந்தன. கங்காணிக் கடனிற் கட்டுண்ட நம் தோட்டத் தொழிலாளரும் ஆக்ரேயின் பால்வெட்டுவோரும் ஒரே சந்தையின் இரு முனைகளில் நின்றோரே.)

1970களில், இராணுவ ஆட்சியின் ஊக்குவிப்போடு, தென்பகுதிப் பண்ணை முதலாளிகள் ஆக்ரேயில் நிலம் வாங்கிக் காட்டை மேய்ச்சல் தரையாக்க முற்பட்டனர். தொழிலாளர் பிரசிலேயா, ஷப்பூரி ஆகிய ஊர்களிலே சங்கம் அமைத்தனர். 1976 முதல் அவர்கள் கைக்கொண்ட போராட்ட முறை 'எம்பாத்தே' எனப்பட்டது. பெண்களும் பிள்ளைகளும் உட்படப் பெருந்திரளாகக் காடு வெட்டும் இடத்திற்குச் சென்று மறித்து நிற்பர். மரம் வெட்டும் கூலியாட்களைப் பகைவராகக் கொள்ளாது அவர்களோடு பேசி வேலையை நிறுத்துவிப்பர். கூலியாளும் தம்மைப் போன்ற உழைப்பாளியே என்ற தெளிவு அதில் இருந்தமை மனங்கொள்ளத்தக்கது. 1980இல் பிரசிலேயாச் சங்கத் தலைவர் வில்சன் பின்ஹெய்ரோ சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஷப்பூரிச் சங்கத்தின் தலைவராக விளங்கிய சிக்கோ மெண்டஸ் 1944இற் பிறந்தவர். காட்டிலே தலைமறைவாக வாழ்ந்த கம்யூனிஸ்ட் ஒருவரிடம் பழைய செய்தித்தாள்களைக் கொண்டு எழுத்தறிந்ததாக அவரே கூறியுள்ளார். 1985இல் பிறேசிலியா நகரிற் கூடிய மாநாட்டிலே இறப்பர்த் தொழிலாளர் தேசிய அவை தோன்றியது. நிலம் அரசுக்குரியதாயிருக்க, பயன்கொள்ளும் உரிமை அங்கு வாழ்வோர்க்குக் கூட்டாக உரித்தாகும் 'பயன்கொள் ஒதுக்கம்' என்னும் கோரிக்கையும் அங்கேயே உருப்பெற்றது. இது அடிப்படையிலே ஒரு நிலக் கோரிக்கை. காடு காக்கப்படுதல் அதனோடு பிரிக்க முடியாதவாறு இணைந்திருந்தது.

ஆக்ரேக்குச் செல்லும் நெடுஞ்சாலையைச் செப்பனிட அமெரிக்க நாடுகளிடை அபிவிருத்தி வங்கி கடன் வழங்கியிருந்தது. 1987இல் மெண்டஸ் அவ்வங்கியின் மயாமிக் கூட்டத்திற்கும், பின் வாஷிங்டனுக்கும் சென்றார். அவரை அழைத்துச் சென்றவை அமெரிக்கச் சுற்றாடல் அமைப்புக்கள். கடன் வழங்கல் நிறுத்தி வைக்கப்பட்டது. 'அரசல்லாதோர்' பெற்ற வெற்றிக்குச் சான்றாக இந்நிகழ்ச்சி அடிக்கடி காட்டப்படுகின்றது. வங்கி ஏன் பணிந்தது என்ற வினா அத்துணை அடிக்கடி எழுப்பப்படுவதில்லை. அவ்வங்கிக்குரிய அமெரிக்க நிதியை ஒதுக்குவது அமெரிக்கக் காங்கிரஸ். காடழிப்புக்கு நிதி தருவதா என்று கேட்ட செனட்டர்களின் சொல்லுக்கு அங்கு விலையிருந்தது. எனவே அரசு அரங்கினின்றும் நீங்கவில்லை. பிறேசில் அரசு செவிசாய்க்க மறுத்ததைச் செல்வமிகுந்த பிறிதோர் அரசின் பணப்பெட்டி வழியாகவே கேட்பிக்க வேண்டியிருந்தது. ஏகாதிபத்தியத் தலையீடு என்று பிறேசிலிலே வலதுசாரிகள் கூச்சலிட்டனர். அக்கூச்சலின் நோக்கம் பண்ணையாரைக் காப்பதே. எனினும் நாம் அதனைக் கொண்டு இந்தச் சங்கடத்தை மறைத்தல் ஆகாது.

அதே பயணங்களிலேதான் பெயர்மாற்றமும் நிகழ்ந்தது. சங்கத் தலைவரும் தொழிலாளர் கட்சி உறுப்பினருமாகிய மெண்டஸ், வடநாட்டு ஏடுகளிலே 'சுற்றாடல்வாதி' ஆனார். அப்பெயர் வங்கியின் கதவைத் திறந்தது, உயிரைக் காக்கவில்லை. 1988 திசெம்பர் 22ஆம் நாள் அவர் தமது வீட்டின் பின்வாசலிற் சுடப்பட்டு இறந்தார். பண்ணையார் ஒருவரும் அவர் மகனும் 1990இலே தண்டனை பெற்றனர்.

அவ்வாண்டு மார்ச்சிலே ஏறத்தாழ 970,000 ஹெக்டேர் பரப்புடைய ஒதுக்கம் அவர் பெயரால் அமைந்தது. கோரிக்கையின் சாரம் சட்டமாயிற்று. இதனைச் சிறு பேறாக நாம் கொள்ளவில்லை. ஆயின் இறப்பரின் விலை சந்தையின் கையிலேயே இருந்தது. விலை வீழ, பால் வெட்டி வாழ்தல் அரிதாயிற்று. அவ்வொதுக்கத்தின் உள்ளேயே காடு அழிக்கப்பட்டு வருகின்றது. பால்வெட்டியோரின் பிள்ளைகள் பலர் இன்று அங்கே மாடு வளர்க்கின்றனர்.