தக்காளியும் பூச்சி காப்பும் — அறந்தாங்கி வட்டாரத்தை முன்னிட்டு ஒரு வரலாற்று ஆய்வு

தோற்றுவாய்

புளியும் மிளகும் கொண்டு சமைத்த தமிழ்நாட்டில் தக்காளி இன்று நீங்கா இடம் பெற்றுள்ளது. நச்சு மருந்து தெளியாமல் அதனை வளர்க்கும் முறைகளை ‘முன்னோர் கண்ட முறை’ என்று போற்றும் வழக்கும் அண்மைக் காலத்தே பெருகியுள்ளது. இக்கூற்றில் உண்மை எத்துணை, மிகை எத்துணை என்பதை அறந்தாங்கி வட்டாரத்தை நிலைக்களனாகக் கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

நிலமும் நீரும்

அறந்தாங்கி பழைய தஞ்சை மாவட்டத்தின் தென்பகுதியில் இருந்தது. 1974 சனவரி 14-ஆம் நாள் புதுக்கோட்டை மாவட்டம் அமைந்தபோது அதனோடு சேர்ந்தது. மேட்டூர்த் திட்டத்தை ஒட்டி 1934-ஆம் ஆண்டளவில் அமைந்த கல்லணைக் கால்வாய், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளைக் கடந்து இங்கு வந்து, மும்பாலை ஏரியில் முடிகின்றது. ஆகவே இது கடைமடை நிலம். கால்வாய் நீர் எட்டாத இடங்களில் மழை நிரப்பும் ஏரிகளும் கிணறுகளுமே துணை. தக்காளிக்குப் பெயர் பெற்றவை கிருட்டினகிரி, தருமபுரி, ஒட்டன்சத்திரம் முதலிய பகுதிகளே. எனினும், சிறு நிலத்தில் கிணற்று நீர் கொண்டு காய்கறி விளைவிக்கும் கடைமடை உழவனுக்கு மருந்துச் செலவு பெருஞ்சுமையாதலின், இவ்வாராய்ச்சிக்கு இந்நிலம் பொருத்தமுடையதாகின்றது.

பெயரும் பொருளும்

தக்காளி தென்னமெரிக்காவின் ஆந்திசு மலைப்பகுதியைத் தாயகமாகக் கொண்டது. அதனைப் பயிராக்கிப் பேணியவர் மெக்சிகோ நாட்டுப் பழங்குடியினர். அவர்தம் நாகுவாத்து மொழியில் வழங்கிய ‘தொமாத்தில்’ என்னும் சொல்லே ஐரோப்பிய மொழிகளில் திரிந்து வழங்குகின்றது. இசுபானியர் மெக்சிகோவை வென்ற பின்னர் அது ஐரோப்பாவை அடைந்தது. இத்தாலிய மருத்துவர் மத்தியோலி 1544-இல் அதனைக் குறிப்பிட்டுள்ளார். இந்தியாவிற்கு அதனைக் கொணர்ந்தவர் போர்த்துக்கீசியர் என்பர்.

அங்ஙனமாயின் ‘தக்காளி’ என்னும் தமிழ்ச்சொல் எவ்வாறு வந்தது? மணித்தக்காளி, சிறுதக்காளி என்னும் பெயர்கள் இந்நாட்டில் முளைத்த வேறு செடிகளுக்கு உரியன. புதிய பழம் வந்தபோது அவற்றோடு அது கொண்ட ஒப்புமை கருதி, மக்கள் அதனைச் ‘சீமைத் தக்காளி’ என்றனர். நாளடைவில் சீமை என்னும் அடைமொழி கழிந்தது. வந்த செடி பொதுப் பெயரைத் தனக்கே உரியதாக்கிக் கொண்டது. பழைய மருத்துவ நூலில் தக்காளி என்னும் சொல்லைக் கண்ட அளவில் இன்றைய தக்காளியை அங்குக் காண முனைவது பிழையாகும்.

கத்தரி காட்டிய வழி

செடி புதிதாயினும், அதனைக் காக்கும் அறிவு முற்றும் புதிதன்று. வழுதுணை என்னும் கத்தரி இந்நாட்டுப் பழம்பயிர். தக்காளியும் அதன் குடும்பத்தைச் சேர்ந்ததே. வெள்ளை ஈ, அசுவுணி, வேர்முடிச்சு நூற்புழு ஆகியன இரண்டனையும் தாக்குவன. ஆதலின் சாம்பல் தூவுதல், வேப்பம்புண்ணாக்கு இடுதல், பயிர் மாற்றி நடுதல் என்னும் தோட்டப் பழக்கங்கள் புதுச்செடிக்கும் பொருந்துவனவாயின. உழுதலினும் எருவிடுதலும், நீர் பாய்ச்சுதலினும் பயிர் காத்தலும் சிறந்தன என்னும் வள்ளுவர் கருத்து கடைமடை நிலத்திற்கு மிகவும் இயைவதாகும்.

நஞ்சின் காலம்

டி.டி.டி. பூச்சிகளைக் கொல்லும் என்பதை 1939-இல் கண்டறிந்த பால் முல்லர் 1948-இல் நோபல் பரிசு பெற்றார். அதன்பின் வேதி நஞ்சுகள் வேளாண்மையில் விரைந்து பரவின. ஆனால் பூச்சிகள் அவற்றைத் தாங்கும் ஆற்றல் பெற்றன. 1987-இல் ஆந்திரப் பருத்தி நிலங்களில் பச்சைக் காய்ப்புழு மருந்திற்கு அடங்காமை வெளிப்பட்டது. தக்காளிக் காயைத் துளைப்பதும் அப்புழுவே. ஒரு பயிரில் தெளித்த நஞ்சிற்குப் பழகிய புழு மற்றொரு பயிருக்கும் பகையாகும் என்பது இதனாற் பெறப்படும்.

வேம்பின் வழக்கு

1959-இல் சூடானில் வெட்டுக்கிளிகள் பிற மரங்களை மொட்டையாக்கி, வேம்பை மட்டும் தீண்டாது விட்டதைச் செருமானிய அறிஞர் சுமுத்தெரர் கண்டார். தில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் பிரதான் முதலியோர் வேப்பங்கொட்டைக் கரைசல் வெட்டுக்கிளியை விலக்குதலை 1962-இல் எடுத்துக் காட்டினர். அதன் மூலப்பொருளாகிய அசாடிராக்டின் 1968-இல் பிரித்தெடுக்கப்பெற்றது. அது புழுவின் உணவு வேட்கையைக் குறைத்து, தோலுரித்து வளர்தலையும் தடுக்கின்றது. 5 கிலோ பருப்புத் தூளை நீரில் இரவு முழுதும் ஊறவைத்து வடித்து, 100 லிட்டராக்கி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளிப்பர். கதிரவன் ஒளியில் அப்பொருள் சிதையுமாதலின் மாலைப்பொழுதே தெளித்தற்கு ஏற்றது.

வேம்பு எண்ணெயைப் பூஞ்சணத்திற்கு எதிராகப் பயன்படுத்தும் முறைக்கு, அமெரிக்க அரசின் வேளாண் துறையும் கிரேசு நிறுவனமும் 1994-இல் ஐரோப்பியக் காப்புரிமை பெற்றன. இந்தியாவில் முன்பே வழங்கிய முறை அது என்று எதிர்த்தோர் சான்று காட்டவே, 2000-இல் உரிமை நீக்கப்பெற்றது. 2005-இல் மேல்முறையீடும் தள்ளப்பெற்றது. வெல்லுதற்குத் துணையானது பழம்பெருமைப் பேச்சன்று, சான்றேயாகும்.

புதியனவும் பழையனவும்

இன்றைய இயற்கை முறைகளுட் பல ஆராய்ச்சி நிலையங்களில் உருவானவை. தக்காளி 16 வரிசைக்கு ஒரு வரிசை செண்டுமல்லி நட்டுக் காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சியைப் பூவிற்கு ஈர்த்தல் அவற்றுள் ஒன்று. இதற்கு 40 நாள் வயதுடைய செண்டுமல்லி நாற்றும் 25 நாள் தக்காளி நாற்றும் ஒரே நாளில் நடப்பெறும். இரண்டும் ஒருங்கே பூக்கவேண்டும் என்பதே காரணம். புழுவின் முட்டையை அழிக்கும் டிரைக்கோகிரம்மா ஒட்டுண்ணியும், இனக்கவர்ச்சிப் பொறியும் இவ்வகையினவே. வரப்பில் ஆமணக்கு நட்டு, அதன் இலையில் புகையிலைப்புழு இடும் முட்டைக் குவியலைக் கிள்ளி அழித்தலும் பயனுடையது. 2014-இல் இந்தியாவிற் காணப்பெற்ற தென்னமெரிக்க ஊசிப்புழு, செடியைப் பின்தொடர்ந்து வந்த பகை. அதற்குப் பழைய வழக்கில் விடை தேடுதல் இயலாது.

தஞ்சை இளங்காட்டிற் பிறந்த நம்மாழ்வார் (1938–2013), ஆராய்ச்சி நிலையப் பணி துறந்து ஊர்தோறும் இயற்கை வேளாண்மையைப் பரப்பினார். பட்டுக்கோட்டைப் பகுதியில் உயிர் நீத்தார். உழவர் பட்டறிவையும் அறிவியலையும் இணைத்தலே அத்தொண்டின் பயன் என யாம் கருதுகின்றோம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், தக்காளி வந்த பயிர் என்பதும், அதன் காப்பு முறையுட் சில வழிவழி வந்தன, சில புதியன என்பதும் பெறப்பட்டன. எல்லாவற்றையும் பழமை என்பது பழமைக்கே இழுக்கு. வேம்பின் வழக்கு உணர்த்தியாங்கு, எழுத்தில் ஏறாத அறிவை எவரும் தமதென்று கூறக்கூடும். ஆதலின் அறந்தாங்கி முதலிய கடைமடை ஊர்களில் வழங்கும் செடிப்பெயர், புழுப்பெயர், காப்புமுறை ஆகியவற்றை ஊரும் நாளும் குறித்துத் தொகுத்தல் தமிழாய்வுத் துறைகளின் கடனாகும். முதிய உழவர் மறையுமுன் அப்பணி தொடங்குதல் வேண்டும்.