கொய்னாவுக்கு மூன்று தம்பிகள்

கொடும்பாளூரில் வழி கேட்டால் சில சமயம் சிலப்பதிகாரமும் சேர்ந்து வரும். மதுரைக்கு நடந்த கோவலனிடம் மாங்காட்டு மறையவன் ஒருவன், கொடும்பை நெடுங்குளத்துக் கரையில் பாதை மூன்றாகப் பிரியும் என்று சொல்கிறானே, அந்தக் கொடும்பைதான் இந்த ஊர். மூன்றுமே மதுரைக்குப் போகும். எந்த வழியில் என்ன கிடைக்கும், என்ன இடர் வரும் என்பதையும் அவன் சொல்லிவைக்கிறான். முறைக்காய்ச்சல் மருந்துக்கும் ஒரு காலத்தில் இப்படி வழி பிரிந்தது. அங்கே வழி நாலு.

கொய்னா என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. என் பாட்டிக்குத் தெரியும். ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர் நடுக்கத்தோடு வரும் காய்ச்சலுக்கு அவள் நம்பியது அதைத்தான். நிலவேம்பெல்லாம் அதன் கசப்புக்குக் கிட்ட நிற்க முடியாது என்பாள். குயினைன் நம் நாக்கில் தேய்ந்து கொய்னா ஆனது. தென்னமெரிக்கச் சிங்கோனா மரத்தின் பட்டையிலிருந்து 1820இல் பாரிஸில் பெல்லெட்டியே, கவாந்து என்ற இருவர் அதைப் பிரித்தெடுத்தார்கள். ஆண்டிஸ் மலைப் பட்டையை விலைகொடுத்து வாங்கிக் கட்டுப்படியாகாத ஆங்கில அரசு, மரத்தையே இங்கே கொண்டுவந்துவிடத் தீர்மானித்தது. கிளமென்ட்ஸ் மார்க்கம் 1859இல் அதற்காகத்தான் புறப்பட்டுப் போனார்.

வந்த விதைகளும் கன்றுகளும் ஊட்டியில் வில்லியம் கிரகாம் மக்ஐவர் கையில் சேர்ந்தன. அரசுத் தோட்டத்தின் பொறுப்பாளர் அவர். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டம் போட்டார். பட்டை வேண்டுமென்று மரத்தை வெட்டுவது அவருக்குப் பிடிக்கவில்லை. பட்டையை நெடுக வார்வாராக உரித்துவிட்டு, உரித்த இடத்தில் ஈரப்பாசியை வைத்துக் கட்டினார். பாசிக்கு அடியில் புதுப்பட்டை வளர்ந்தது. பால் கறக்கிற மாதிரி ஒரே மரத்தில் திரும்பத் திரும்பப் பட்டை எடுக்கலாம் என்றானது.  

ஆனால் நீலகிரி மண்ணுக்குப் பிடித்துப்போனது செம்பட்டைச் சிங்கோனா. அதில் சத்து நிறைய. குயினைன் மட்டும் குறைவு. கூடவே பிறந்த சிங்கோனைன், சிங்கோனிடைன் என்ற தம்பிகள்தான் அதிகம். குயினிடைன் என்று இன்னொரு தம்பியும் உண்டு. சந்தையில் மதிப்பெல்லாம் அண்ணனுக்குத்தான்; தம்பிகளைச் சீந்துவார் இல்லை. மலை நிறைய மரம் வளர்த்தாயிற்று, இப்போது தம்பிகள் தேறுவார்களா மாட்டார்களா?

மருந்துச் சோதனை இங்கே பிறந்தது இந்தக் கேள்வியில்தான் என்பேன். தரும சிந்தனையைவிடத் தோட்டக் கணக்கே அதற்குத் தூண்டுதல் என்றாலும் கேள்வி சரியான கேள்வி. 1866இல் சென்னை, பம்பாய், வங்காளம் ஆகிய மூன்று மாகாணங்களிலும் மருத்துவக் குழுக்கள் அமைக்கப்பட்டன. நான்கையும் தனித்தனியே நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும். சென்னைக் குழு 1868 வரை 2,472 பேருக்குக் கொடுத்துக் கணக்கு வைத்தது. குணமாகாதவர்கள் 27 பேர். ஆயிரம் பேருக்குத் தோல்வி எத்தனை என்று பிரித்தபோது குயினிடைனுக்கு 6, குயினைனுக்கு 7, சிங்கோனிடைனுக்கு 10, சிங்கோனைனுக்கு 23. கடைசித் தம்பிகூட ஆயிரத்தில் 977 பேரைத் தேற்றியிருக்கிறான்.

இன்றைக்கு யாராவது இந்தக் கணக்கை நீட்டினால் நான் நம்ப மாட்டேன். மலேரியா என்னும் அந்த முறைக்காய்ச்சலின் கிருமியை லாவெரான் ரத்தத்தில் கண்டதே 1880இல். கொசுவின் வயிற்றில் ராஸ் அதைப் பார்த்தது 1897இல், செகந்தராபாத்தில். சோதனை நடந்தபோது காய்ச்சலின் முறையை வைத்துத்தான் நோயைத் தீர்மானிக்க வேண்டும். அந்த 2,472 பேரில் தானாகவே தணிகிற வேறு காய்ச்சல்காரர்களும் இருந்திருப்பார்கள். எந்த நோயாளிக்கு எந்த மருந்து என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கும் முறை மருத்துவத்தில் நிலைபெற்றது 1940களில். மலேரியாவில் ஒருவகை ஈரலில் ஒளிந்திருந்து மாதங்கள் கழித்துத் திரும்பும் என்பதும் வெகுகாலம் கழித்துத்தான் தெளிவானது. காய்ச்சல் நின்றதைக் குணம் என்று எழுதிக்கொண்டார்கள். அப்படியும், நாலு மருந்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தோற்றவர்களையும் விடாமல் எண்ணி, ஆயிரத்துக்கு இத்தனை என்று எழுதியது அந்தக் காலத்துக்குப் பெரிய காரியம்.

அந்தக் கணக்கு விரைவிலேயே வேலைக்கு உதவியது. பிரித்தெடுக்கும் செலவே வேண்டாம், எல்லாத் தம்பிகளையும் சேர்த்தே கொடுக்கலாம் என்று வங்காளத்து மங்பூ தோட்டத்தில் 1870களில் ஒரு கலவைத் தூள் தயாரானது. விலை மலிவு, குமட்டலும் வாந்தியும் கூடுதல். குயினைனே 1892இல் வங்காளத் தபால் நிலையங்களில் ஒரு பைசாப் பொட்டலமாக விற்பனைக்கு வந்தது.

பட்டியலில் முதலில் நின்ற குயினிடைனின் கதைதான் எனக்கு விசித்திரம். மலேரியாக் கிருமியைக் கொல்வதில் அது அண்ணனைவிட வலியது என்று பிற்காலத்தில் உறுதியானது. ஆனால் அது இதயத்தையும் தொடும். 1918 வாக்கில் ஐரோப்பிய மருத்துவர்கள் தாறுமாறாகத் துடிக்கும் நெஞ்சைச் சீராக்க அதையே எடுத்தாண்டார்கள். அளவு மிஞ்சினால் சீரான நெஞ்சையும் தாறுமாறாக்கும். அமெரிக்காவில் கடும் மலேரியாவுக்கு ஊசி வழியே ஏற்ற 2019 வரை கையில் இருந்தது இந்தக் குயினிடைன்தான். நெஞ்சின் துடிப்பைக் கருவியில் பார்த்துக்கொண்டே ஏற்றுவார்கள். 1860களில் அப்படிப் பார்க்கக் கருவி ஏது?

அளவுக்கும் அன்று உடம்பேதான் கருவி. இன்று குயினைன் என்றால் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம், 8 மணிக்கு ஒரு தரம், 7 நாள் என்று கணக்கு இருக்கிறது. அந்தக் காலத்து வைத்தியர்கள், காதில் இரைச்சல் கேட்க ஆரம்பித்தால் மருந்து போதுமான அளவு ஏறிவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள். பாட்டியும் போர்வைக்குள் கிடந்தவர்களிடம் காய்ச்சல் விட்டதா என்று முதலில் கேட்க மாட்டாள். காது இரையுதா என்றுதான் கேட்பாள்.