நிகண்டிலிருந்து அகராதிக்கு

நூலொன்றைப் படித்துச் செல்லுங்கால் அருஞ்சொல் ஒன்று குறுக்கிடின் உடனே அகராதியைப் புரட்டிப் பார்க்கும் வழக்கம் தமிழ்நாட்டில் மிகப் பழையதன்று. ஏட்டுப் பிரதிகள் அருகியும் ஆசிரியரின் வாய்மொழியே பிரதானமாகியும் இருந்த முற்காலத்தில், வித்தியார்த்தி சொற்பொருளை முன்னரே நெஞ்சிற் சேமித்துக்கொண்டு காவியங்களை அணுகினான். சொற்பொருள் கூறும் நிகண்டுகளாகிய திவாகரமும் பிங்கலமும் சூடாமணியும் செய்யுளாகவே இயற்றப்பட்டமைக்கு இம்மனன மரபே காரணம்.

திவாகரம் 12 தொகுதிகளை உடையது. தெய்வம், மக்கள், விலங்கு, மரம் எனப் பொருள்வகை பற்றிச் சொற்களை அது தொகுத்திருத்தலின், யானைக்குரிய பல பெயர்களை நாடும் புலவனுக்கு உதவுமேயன்றி, எதிர்ப்பட்ட சொல் மரத்தின் பெயரோ பறவையின் பெயரோ என்று அறியாது மயங்கும் வாசகனுக்கு எளிதில் உதவாது. இக்குறையை ஒருவாறு நீக்கியது, மண்டலபுருடர் செய்த சூடாமணி நிகண்டின் பதினோராந் தொகுதி. ஒரு சொல்லுக்குரிய பல பொருளைக் கூறும் அப்பகுதி எதுகை முறையில் அமைந்தது. திருமால், சிங்கம், குரங்கு, தவளை முதலிய பொருள்களைத் தரும் ‘அரி’ என்னும் சொல்லை, இரண்டாம் எழுத்தை நோக்கி ரகர எதுகையிலே காணவேண்டும். திண்ணைப் பள்ளிச் சிறுவர்கள் இதனை உரத்த குரலில் நெட்டுருச் செய்தனர்.

1594-இல் சிதம்பர ரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டு, முதலெழுத்தளவில் அகர வரிசையை மேற்கொண்டது. அம்முறையைச் செம்மையாக நிறைவேற்றி, தமிழுக்குத் தமிழிலேயே வசனத்திற் பொருள் கூறியது, இத்தாலி தேசத்துப் பாதிரியாராகிய வீரமாமுனிவர் 1732-இல் தொகுத்த சதுரகராதி. பெயர், பொருள், தொகை, தொடை என்னும் அதன் நான்கு பிரிவுகளுள், முதலாவது வாசகனுக்கும் இறுதியது எதுகை தேடும் கவிஞனுக்கும் பயன்படுமாறு அமைந்தமையால், பழைய நிகண்டின் தொழிலும் அதில் முற்றும் மறையவில்லை. 1824-இல் அது முழுமையாக அச்சேறிய பின்னரும், 1842-இல் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் ஏறக்குறைய 58,500 சொற்களைக் கொண்ட அகராதி வெளிவந்த பின்னரும், ஆசிரியரை அடுத்திராத ஒருவன் தனித்திருந்து பழைய நூல்களைப் பயிலுதல் மெல்ல மெல்ல சாத்தியமாயிற்று. 1924 முதல் 1936 வரை சென்னைச் சர்வகலாசாலை வெளியிட்ட பேரகராதியின் ஆறு தொகுதிகளும் 1939-இல் முற்றுப்பெற்ற அநுபந்தமும், லட்சத்திற்கு மேற்பட்ட சொற்களை அவன் கைக்கெட்டும்படி செய்தன.

ஆயினும், ‘கடற்றிரை’ என்று ஏட்டிற் கண்டதைக் கடல், திரை எனப் பிரிக்க அறியாதவன், சொல்லுக்கு முதலாக வாராத றகரத்தை எந்தப் பக்கத்திலே தேடுவான்? நிகண்டு கற்ற பழைய மாணாக்கன் இலக்கண நூலாகிய நன்னூலையும் உடன் கற்றான். அகராதி அவனது ஞாபகச் சுமையைத் தான் ஏற்றதேயன்றி இலக்கண அறிவுக்குப் பிரதியாக வந்ததன்று. பிள்ளைகளின் கையில் அகராதியைக் கொடுக்கும் ஆசிரியர்கள், புணர்ச்சி விதிகளில் இன்றியமையாத சிலவற்றையேனும் உடன் போதிப்பார்களாயின், அப்புத்தகம் அலமாரிக்கு அலங்காரமாக நின்றுவிடாது.