குங்குமப்பூ

குங்குமப்பூ என்ற பெயரில் கடையில் கிடைப்பது முழுப் பூ அன்று. ஊதா நிறப் பூவின் நடுவிலுள்ள மூன்று சிவந்த சூலகமுடிகளை மட்டும் கிள்ளி உலர்த்தியதே அது. ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 1,50,000 பூக்கள் வேண்டும். விலைக்குக் காரணம் தேட வேறெங்கும் போக வேண்டியதில்லை.

இச்செடி விதை தருவதில்லை. மண்ணுக்குள் உள்ள கிழங்கு சிறு கிழங்குகளை ஈன்றுவிட்டு மடிகிறது. அவற்றைத் தோண்டிப் பிரித்து நட்டால்தான் பயிர் பரவும். காட்டில் தானாக வளர்வதும் இல்லை. ஆகவே குங்குமப்பூ விளையும் ஒவ்வோர் ஊருக்கும் அதன் கிழங்கை மனிதர் சுமந்து சென்றிருக்க வேண்டும்.

இதன் காட்டு மூதாதை கிரேக்க நாட்டில் வளரும் ஒரு குரோக்கஸ் இனம் என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. அந்நாட்டின் சாந்தோரினித் தீவிலுள்ள அக்ரோத்திரி நகரம் சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சாம்பலில் புதைந்தது. அங்கு அகழ்ந்தெடுக்கப்பட்ட சுவரோவியத்தில், பெண்கள் குரோக்கஸ் பூக்களைக் கொய்து தெய்வத்துக்குக் காணிக்கையாக்குகிறார்கள். இன்று உலக விளைச்சலின் பெரும்பகுதி ஈரானுடையது.

இந்தியாவில் இதன் தாயகம் காஷ்மீரத்தின் பாம்பூர். இரண்டு சூஃபிப் பெரியார்கள் கொடுத்த கிழங்கிலிருந்தே பயிர் தொடங்கியது என்பது அவ்வூர் வழக்கு. அழகான கதைதான், ஆனால் சமஸ்கிருத நிகண்டுகள் அதற்கு முன்பே இதைக் காஷ்மீரத்தின் பெயராலேயே அழைத்தன. 12ஆம் நூற்றாண்டில் கல்ஹணர் இயற்றிய ராஜதரங்கிணியும் குங்குமப்பூவை அந்நாட்டின் பெருமைகளுள் ஒன்றாகச் சொல்கிறது. முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் பாம்பூர் வயல்களைப் பார்த்துத் தம் நினைவுக் குறிப்பில் எழுதினார். பூவின் வாசனை தாங்காமல் உடன் வந்தவர்களுக்குத் தலைவலி வந்ததாம். சூலகமுடி பிரிப்பவர்களுக்குக் கூலியாக உப்புக் கொடுக்கும் வழக்கத்தையும் அவர் குறிக்கிறார். உப்பு விளையாத மலைநாட்டில் அது நல்ல கூலியே.

தமிழகத்தில் இது விளையவில்லை. வாணிகத்தின் வழியே வந்தது. சிலப்பதிகாரத்தில் கோவலனைப் பிரிந்த கண்ணகி, மார்பில் குங்குமம் எழுதுவதை விட்டுவிடுகிறாள். அது நறுமணக் குழம்பு; இன்று மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்து நெற்றியில் இடும் குங்குமம் அன்று. பெயர் ஒன்றாக இருப்பதால் மாணவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வது உண்டு. துறவியரின் காவியுடைக்கும் இப்பூவுக்கும் தொடர்பு தேட வேண்டாம். காவி என்பது செம்மண் கல்லின் நிறம். கருவுற்ற பெண் பாலில் கலந்து குடித்தால் குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்பதற்கும் ஆதாரம் இல்லை.

விலை உயர்ந்த பொருளில் கலப்படம் புகாமல் இராது. 15ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் நூரம்பர்க் நகரம், கலப்படம் செய்தவரை உயிரோடு எரித்தது. நம் கடைகளில் குசும்பாப்பூ இதழ்களே பெரும்பாலும் இதற்குப் பதிலாகத் தலைகாட்டுகின்றன. அசல் இழை வெந்நீரில் மெல்ல மெல்ல மஞ்சள் நிறத்தை விடும். இழை உடனே வெளுத்துப்போகாது.

காஷ்மீரக் குங்குமப்பூவுக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் 1990களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் இருந்த சாகுபடிப் பரப்பு, பின்னர் 4,000க்கும் கீழே இறங்கிவிட்டது. பூப்பதற்கு முந்தைய மழை தவறுகிறது. மேட்டு நிலங்களில் வீடுகள் எழுகின்றன. 2010இல் தொடங்கிய தேசியக் குங்குமப்பூ இயக்கம் ஆழ்துளைக் கிணறுகளும் தெளிப்புநீர்க் குழாய்களும் அமைத்தது. எல்லா வயல்களுக்கும் தண்ணீர் எட்டவில்லை. அண்மை ஆண்டுகளில் முள்ளம்பன்றிகளும் இரவில் வந்து கிழங்குகளைத் தோண்டித் தின்கின்றன. விதையில்லாப் பயிருக்கு அந்தக் கிழங்குதான் அடுத்த ஆண்டின் நடவுப் பொருள்.