கடல் கடந்த குடும்பங்கள் – 9: பதிவேடு கட்டிய தாலி

டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கும் கப்பல் பட்டியல்களில் ஒரு மனிதருக்கு ஒரே ஒரு வரிதான். எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, உயரம், ஜில்லா, தாலுக்கா, ஊர், உடம்பில் உள்ள தழும்பு. 1860 நவம்பர் 16-ஆம் தேதி சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் கரைசேர்ந்தது முதல் 1911 வரை, 1,52,184 ஒப்பந்தக் கூலிகள் இப்படி வரிகளானார்கள். மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். அந்த வரிகளில் திருச்சிராப்பள்ளி ஜில்லா திரும்பத் திரும்ப வருகிறது.

வம்சம் தேடி வரும் பேரன் பேத்திகள் தடுமாறும் இடமும் இதுதான். அன்றைய திருச்சிராப்பள்ளி ஜில்லாவுக்குள்ளேதான் பெரம்பலூர் தாலுக்காவும் உடையார்பாளையம் தாலுக்காவும் இருந்தன; அரியலூர், உடையார்பாளையம் தாலுக்காவைச் சேர்ந்தது. பெரம்பலூர் தனி மாவட்டமானது 1995-இல். அரியலூர் 2001-இல் பிரிந்து, மறுபடி சேர்ந்து, 2007-இல் நிலையாகப் பிரிந்தது. கொள்ளுப்பாட்டனின் காகிதத்தை வைத்துக்கொண்டு திருச்சி நகரத் தெருக்களில் அலைபவர்கள் கொள்ளிடத்துக்கும் வெள்ளாற்றுக்கும் நடுவில் கிடக்கும் மானாவாரி ஊர்களையும் சேர்த்தே தேட வேண்டும்.

அந்த ஊர்களில் அப்போது கல்யாணம் எப்படி நடந்தது? அரியலூரிலும் குன்னத்திலும் இளமையைக் கழித்த உ.வே.சாமிநாதையருக்கு 1868-இல், பதினான்காம் வயது நடக்கும்போதே, பெரியவர்கள் கூடிக் கல்யாணம் செய்துவைத்தார்கள். 'என் சரித்திர'த்தில் அவரே அதை எழுதியிருக்கிறார். எந்தச் சாதியானாலும் அடிப்படை ஒன்றுதான்: முறை பார்க்க வேண்டும், பங்காளிகள் கூட வேண்டும், தாய்மாமன் முன்னால் நிற்க வேண்டும். பெண்ணிடமும் பையனிடமும் யாரும் எதுவும் கேட்பதில்லை.

கப்பலேறியவனுக்கு இந்த ஏற்பாடு முழுதும் கரையிலேயே நின்றுபோயிற்று. மாமன் இல்லை, பங்காளி இல்லை, முறைப்பெண் இல்லை. பெண்களே குறைவு. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்களையாவது ஏற்ற வேண்டும் என்று அரசு விதித்திருந்ததால், ஆள்பிடிக்கும் ஏஜெண்டுகள் பெண்களைத் தேடி அலைந்தார்கள். விதவைகள், புருஷன் கைவிட்டவர்கள், பஞ்சத்தில் வீடிழந்தவர்கள் எல்லாம் சென்னை டிப்போவுக்கு வந்து சேர்ந்தார்கள். கப்பலுக்காக அங்கே வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் காத்திருப்பிலும் பிறகு கடலிலும் பல ஜோடிகள் சேர்ந்தன. கணவன் மனைவி என்று பட்டியலில் பதிந்தவர்களை வேறு வேறு முதலாளிகளிடம் பிரித்து அனுப்பக்கூடாது என்பதும் ஒரு காரணம். தனியாகப் போகும் பெண்ணுக்கு அது ஒரு பாதுகாப்பு. அதைப் பிழைக்கும் தந்திரம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதோடு முடிந்துவிட்டதாகத் தோன்றவில்லை. சொந்த ஊரில் வாழ்நாள் முழுக்கக் கிடைத்திருக்காத ஒரு வாய்ப்பு, ஒருவரையொருவர் முகம் பார்த்துப் பேசிப் பிடித்துச் சேரும் வாய்ப்பு, அவர்களுக்கு அங்கே கிடைத்தது. சாதி அந்த இடத்தில்தான் முதலில் தளர்ந்தது.

நேட்டால் கரும்புத் தோட்டத்தில் ஐந்து வருட ஒப்பந்தம். ஆணுக்கு முதல் வருடம் மாதம் பத்து ஷில்லிங். பெண்ணுக்கு அதில் பாதி. தங்குவது 'லைன்' வீட்டில், தடுப்பில்லாத ஒற்றை அறையில். பெண்கள் குறைவாக இருந்ததால் பரிசப் பணம் ஏறிற்று. ஒருவனிடம் பணம் வாங்கிக்கொண்டு இன்னொருவனுக்குப் பெண்ணைக் கொடுத்த தகப்பன்மார் மீது வழக்குகள் வந்தன. இந்தத் தகராறுகளை ஒழுங்குபடுத்தவே, குடியேறிகளின் காப்பாளர் என்ற அதிகாரியிடம் கல்யாணத்தைப் பதிய வேண்டும் என்று சட்டம் வந்தது. ஆணுக்கு 16 வயது, பெண்ணுக்கு 13. கோயிலில் தாலி கட்டியிருந்தாலும் பதிவேட்டில் ஏறாவிட்டால் சட்டத்தின் கண்ணில் அது கல்யாணம் ஆகாது. சர்க்காரின் நோக்கம் கூலிகளை அடக்கி ஆள்வதுதான். ஆனாலும், தன்னை விட்டு ஓடியவன்மேல் வழக்குப் போட ஒரு பெண்ணின் கையில் இருந்த ஆதாரமும் அந்தக் காகிதம்தான்.

இதே 16-ம் 13-ம் இன்னொரு சட்டத்திலும் வந்தது. 1895-இல் போட்ட சட்டத்தின்படி, ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர் வருடத்துக்கு மூன்று பவுன் தலைவரி கட்ட வேண்டும். மூன்று பவுன் என்றால் அறுபது ஷில்லிங், முதல் வருடக் கூலியில் ஆறு மாதச் சம்பளம். 1903-இல் அதைப் பிள்ளைகளுக்கும் நீட்டினார்கள். பெண்ணுக்குப் பதின்மூன்று நிறைந்தால் வரி. கல்யாண வயது வந்த அன்றே வரிக்காரனும் வாசலுக்கு வந்தான். தாய் தகப்பனோடு பதின்மூன்று நிறைந்த இரண்டு பெண்கள் உள்ள வீடு வருடம் பன்னிரண்டு பவுன் கட்ட வேண்டியதாயிற்று. கட்ட முடியாத குடும்பங்கள் மறுபடியும் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தன. சட்டம் எதிர்பார்த்ததும் அதுவே.

1913 மார்ச் 14-ஆம் தேதி கேப் மாகாண நீதிமன்றத்தில் நீதிபதி சர்ல் கொடுத்த தீர்ப்பு அடுத்த அடி. ஹசன் ஈசாப் என்பவர் தம் மனைவி பாய் மரியத்தை ஊரிலிருந்து அழைத்து வந்தபோது அனுமதி மறுத்துவிட்டார்கள். கிறிஸ்தவ முறைப்படி நடந்து, சட்டப்படி பதிவான கல்யாணம் மட்டுமே செல்லும் என்றார் நீதிபதி. முப்பது வருடம் குடும்பம் நடத்தியவளும் ஒரே நாளில் வைப்பாட்டி ஆனாள். பிள்ளைகளின் வாரிசுரிமை கேள்விக்குறி ஆயிற்று.

அதுவரை காந்தியின் சத்தியாகிரகப் போராட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த பெண்கள் இதற்குப் பிறகு உள்ளே வந்தார்கள். காந்தி நடத்திய டால்ஸ்டாய் பண்ணையைச் சேர்ந்த பதினொரு பேரில் ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் தமிழ்ப் பெண்கள். ஆறு பேர் கையில் குழந்தை, ஒருவர் கர்ப்பிணி. அக்டோபரில் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் குடியிருப்புகளுக்குப் போய் வேலையை நிறுத்தச் சொன்னார்கள். அடுத்த மாதம் காந்தி எல்லை நோக்கி நடத்திய பயணத்தில் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள். இதே போராட்டத்தில் சிறை போன தில்லையாடி வள்ளியம்மையின் கதை நமக்குத் தெரியும். அந்தப் பதினொரு பேரின் கதை தெரியாது. காந்தி எழுதிய பட்டியலைப் பாருங்கள்: திருமதி தம்பி நாயுடு, திருமதி பெருமாள் நாயுடு, திருமதி முருகேச பிள்ளை… மனைவி என்ற அந்தஸ்துக்காகச் சிறை போனவர்களில் பெரும்பாலோர் புருஷன் பெயராலேயே வரலாற்றில் நிற்கிறார்கள். கப்பல் பட்டியல் எழுதிய குமாஸ்தா கப்பலேறிய பெண்களைக் கேட்டுச் சொந்தப் பெயரையாவது எழுதி வைத்தான்.

1914-இல் வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் மூன்று பவுன் வரியை நீக்கியது; ஒரு மனைவியோடு நடந்த இந்திய முறைக் கல்யாணங்களை ஏற்றது. ஊரில் ஒரு மனைவியும் தோட்டத்தில் ஒரு மனைவியுமாக வாழ்ந்தவர்களின் குடும்பங்களுக்கு இது புதுச் சிக்கல். எவள் சட்டப்படி மனைவி? பெரம்பலூர்ப் பக்கத்தில் விட்டுவந்த முதல் தாரமா, நேட்டாலில் பதிந்தவளா? இன்று வம்சம் தேடி வருபவர்களில் சிலருக்கு இங்கே பங்காளிகள் கிடைப்பதற்கு அந்த முதல் தாரங்கள்தான் காரணம்.

நேட்டாலுக்கு ஆள் போனது 1911-இல் நின்றது. இலங்கைக்குப் போனது நிற்கவில்லை. அங்கே கங்காணி, குடும்பத்தோடும் உறவுமுறையோடும் ஆட்களைக் கூட்டிப் போனதால் கல்யாணக் கதையே வேறு. அது அடுத்த இதழில்.