முதுகெலும்பு உள்வைப்புகளின் இயந்திரச் சோதனை

முதுகெலும்பு அறுவையில் பொருத்தப்படும் கம்பி, திருகு, கூண்டு, செயற்கை வட்டு ஆகியவற்றை நோயாளியின் உடலுக்குள் வைப்பதற்கு முன் இயந்திரத்தில் அமுக்கியும் வளைத்தும் முறுக்கியும் தாங்குதிறன் அறியும் முறை. முதுகெலும்பில் உலோகம் வைக்கும் வழக்கம் நூறாண்டைத் தாண்டியது. ஆனால் திருகும் கம்பியும் சேர்ந்த அமைப்புகளை ஒரே அளவுகோலில் ஒப்பிட உதவும் பொதுத் தரமுறை 1996இல்தான் வந்தது. அதுவரை பல கருவிகளுக்கு நோயாளியின் உடலே சோதனைக்கூடமாக இருந்தது.

முதுகு எவ்வளவு சுமக்கிறது என்பதை நெகிரி செம்பிலானின் கோலா சாவா போன்ற தோட்டப்புறத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. வெட்டி விழுந்த செம்பனைக் குலை 20 கிலோ இருப்பது சாதாரணம். அதைக் குனிந்து தூக்கி வண்டியில் போடும் வேலை ஒரு நாளில் எத்தனையோ முறை நடக்கிறது. அதே 20 கிலோ எடையை ஜெர்மனியின் உல்ம் நகர ஆய்வாளர் ஹான்ஸ்-யோவாகிம் வில்கேயும் குழுவினரும் தூக்கச் சொல்லி அளந்தார்கள். தன்னார்வலர் ஒருவரின் இடுப்பு வட்டுக்குள் நுண்ணிய அழுத்தமானியைச் செருகி அவர்கள் எடுத்த அளவுகள் 1999இல் வெளியாயின. படுத்திருக்கையில் 0.1 மெகாபாஸ்கல், நிற்கையில் 0.5. முதுகை வளைத்து 20 கிலோவைத் தூக்கியபோது 2.3. முழங்காலை மடக்கித் தூக்கியபோது 1.7. அதே எடையை உடம்போடு அணைத்துப் பிடித்தபோது 1.1. முதுகில் வைக்கப்படும் உலோகம் இந்த ஏற்ற இறக்கத்துக்கு நடுவேதான் வாழ வேண்டும்.

அமெரிக்காவின் கால்வெஸ்டன் நகரில் பெர்தோல்ட் ஹாட்ரா 1891இல் முறிந்த கழுத்தெலும்பை வெள்ளிக் கம்பியால் கட்டியதிலிருந்து இந்த வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். உண்மையான திருப்பம் ஹூஸ்டனில் நேர்ந்தது. இளம்பிள்ளை வாதம் பரவிய காலத்தில், முதுகு கோணிப்போன பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக மருத்துவமனைக்கு வந்தார்கள். மூச்சுவிடவே திணறிய அவர்களுக்கு மாவுக்கட்டும் போட முடியவில்லை. அங்கிருந்த அறுவை மருத்துவர் பால் ஹாரிங்டன் எஃகுக் கம்பியையும் கொக்கிகளையும் கொண்டு முதுகை உள்ளிருந்தே நிமிர்த்தினார். அவர் 1962இல் வெளியிட்ட கட்டுரை உலகெங்கும் அறுவை மருத்துவர்களுக்கு வழி திறந்துவிட்டது.

ஆனால் கம்பிகள் ஒடிந்தன. நீளத்தைக் கூட்டுவதற்காகப் பல்வெட்டு வெட்டிய பகுதியும் வழுவழுப்பான தண்டும் சேரும் இடத்தில்தான் பெரும்பாலும் முறிவு ஏற்பட்டது. பெரிய விபத்து எதுவும் இல்லாமலே ஒடிந்தன. காரணம் உலோகச் சோர்வு. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால், எந்த ஒரு வளைவும் தனியே அதை முறிக்காது. ஆனால் ஏதோ ஒரு வளைவில் அது இரண்டாகிவிடும். எலும்புகள் ஒன்றோடொன்று இணைந்துவிட்டால் சுமையை எலும்பு ஏற்கும். இணையாவிட்டால் உலோகம் தனியே நின்று தளரும். ஆகவே கம்பியோடு எலும்பு ஒட்டுதலும் சேர வேண்டும் என்று ஹாரிங்டனே முடிவு செய்தார். எலும்பு இணைவதற்கும் உலோகம் ஒடிவதற்கும் இடையே நடக்கும் பந்தயம் என்று இதை அறுவை மருத்துவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

பந்தயத்தில் உலோகம் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும் என்ற கேள்வியைப் பொறியியல் கேள்வியாக மாற்றியதில் இந்தியாவில் பிறந்த ஒருவருக்குப் பெரும்பங்கு உண்டு. மனோகர் பஞ்சாபி, யேல் பல்கலைக்கழகத்தில் அறுவை மருத்துவர் அகஸ்டஸ் வைட்டோடு இணைந்து 1978இல் வெளியிட்ட முதுகெலும்பு உயிர்இயந்திரவியல் நூல் இத்துறையின் அடிப்படை நூலானது. 1988இல் அவர் ஒரு சட்டகத்தை முன்வைத்தார். கருவி எவ்வளவு சுமையில் உடைகிறது, திரும்பத் திரும்ப வரும் சுமையில் எத்தனை காலம் நிற்கிறது, குலைந்த முதுகை எவ்வளவு அசையாமல் பிடிக்கிறது: வலு, சோர்வு, நிலைப்பு என இவை மூன்றும் தனித்தனிக் கேள்விகள், தனித்தனியே சோதிக்கப்பட வேண்டியவை என்றார். அதுவரை ஒரு கூடத்தின் முடிவை இன்னொரு கூடத்தின் முடிவோடு ஒப்பிட வழியில்லாமல் இருந்ததால், இந்தப் பிரிப்பின் பயன் பெரிது.

1993இல் கன்னிங்ஹாமும் மெக்காஃபியும் சக ஆய்வாளர்களும் 12 திருகு அமைப்புகளை ஒரே முறையில் சோதித்து வெளியிட்டனர். மூன்றாண்டுக்குப் பின் அமெரிக்கத் தர அமைப்பான ஏ.எஸ்.டி.எம். வெளியிட்ட எஃப்1717 தரமுறையும் அதே வழியில் அமைந்தது.

அந்தச் சோதனையைக் கிட்டப் போய்ப் பார்ப்பது தகும். மேடையில் இருப்பது எலும்பு அன்று, இரண்டு வெள்ளைப் பாலிஎதிலின் கட்டைகள். இறந்தவர் உடலிலிருந்து எடுத்த எலும்பு ஆளுக்கு ஆள் வேறுபடும். உலோகம் சோர்வதற்கு முன்பே எலும்பில் திருகு தளர்ந்துவிடும். கட்டையில் அந்தத் தொல்லை இல்லை, உலோகத்தின் குணம் மட்டும் தெரியும். கட்டைகளில் திருகுகளை ஏற்றி, இருபுறமும் கம்பிகளால் பிணைக்கிறார்கள். கட்டைகளுக்கு நடுவே வெற்றிடம். நடுவிலிருந்த முள்ளெலும்பு முழுதும் அகற்றப்பட்டு, சுமை அனைத்தையும் கம்பிகளே தாங்கும் மிக மோசமான நிலைமையை அந்த வெற்றிடம் குறிக்கிறது. பிறகு இயந்திரம் அமுக்கிவிடத் தொடங்குகிறது. இலக்கு 50 லட்சம் சுற்று. நாளொன்றுக்கு 7,000 அசைவு வீதம் கணக்கிட்டால் இது ஏறத்தாழ இரண்டு ஆண்டு நடமாட்டம். நொடிக்கு 5 சுற்று என ஓட்டினாலும் ஒரு மாதிரிக்குப் பதினொன்றரை நாள் ஆகும். பல சுமை அளவுகளில் பல மாதிரிகளை ஓட்டி, எந்தச் சுமையில் அமைப்பு முறியாமல் 50 லட்சத்தைக் கடக்கிறது என்று கண்டுபிடிக்கிறார்கள்.

அசைவதற்காகவே செய்யப்படும் செயற்கை வட்டுக்கு வேறு சோதனை வேண்டும். அதற்கான பாடம் பெர்லினின் ஷாரிட்டே மருத்துவமனையிலிருந்து வந்தது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸ் தங்கம் வென்ற காரின் யான்ஸ், பின்னாளில் மருத்துவர் காரின் பியூட்னர்-யான்ஸாகி, கர்ட் ஷெல்நாக்கோடு சேர்ந்து வடிவமைத்த வட்டு 1984இல் முதல் நோயாளிக்கு வைக்கப்பட்டது. முதல் வடிவம் எலும்புக்குள் அமிழ்ந்தது. இரண்டாவதில் உலோகத் தகடுகள் முறிந்தன. மூன்றாவது வடிவம் 1987இல் வந்து நிலைத்தது. 2004இல் அமெரிக்க அனுமதியும் பெற்றது. இன்று ஐ.எஸ்.ஓ. 18192 தரமுறைப்படி இத்தகைய வட்டை 37 பாகை வெப்பத்தில், கன்றின் இரத்த நீர்மத்தில் மூழ்கவைத்து, குனிவது, சாய்வது, திரும்புவது என மூன்று அசைவும் சேர 1 கோடி சுற்று ஓட்டித் தேய்ந்த துகளை எடைபோடுகிறார்கள். நொடிக்கு ஒரு சுற்று வீதம் இது நான்கு மாத வேலை.

திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் எம். எஸ். வலியத்தான் தலைமையில் உருவாக்கிய இதய வால்வும் இதே பொறுமைக்குச் சாட்சி. முதுகெலும்புக் கருவி அன்று எனினும் அணுகுமுறை ஒன்றே. முந்தைய வடிவங்கள் சோதனைக்கூடத்திலும் விலங்குகளிலும் தோற்றபோது அவற்றைக் கைவிட்டு, 1990 டிசம்பரில்தான் முதல் மனிதருக்குப் பொருத்தினார்கள்.

மேடைச் சோதனைக்கு எல்லை உண்டு. பாலிஎதிலின் கட்டை குணமாகாது, வளராது, எலும்புத் தேய்வு நோயும் வராது. ஓர் அமைப்பை இன்னொன்றோடு ஒப்பிடவே எஃப்1717 உதவும். உடலுக்குள் இத்தனை ஆண்டு உழைக்கும் என்று அது உறுதி தருவதில்லை. பெர்லினில் ரோல்மனும் பெர்க்மனும் அளவுமானி பதித்த உள்வைப்புகளைப் பத்து நோயாளிகளுக்குப் பொருத்தி, சுமையை வானலை வழியே அளந்தபோது, எலும்பு இணைந்த பிறகும் பல வேளைகளில் உலோகத்தின் மீதான சுமை குறையவில்லை. சோதனையில் தேறியது என்பதைக் குறைந்தபட்சத் தகுதியாகக் கொள்வதே சரி.

சட்டம் மெல்லத்தான் பின்தொடர்ந்தது. திருகுகள் தொடர்பான பெரும் வழக்குகளுக்கிடையே, அமெரிக்கா 1998இல் அவற்றை மறுவகைப்படுத்தி இயந்திரச் சோதனையை நிபந்தனையாக்கியது. இந்தியா எலும்பு உள்வைப்புகளை 2005இல் மருந்துச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்து, 2017இல் மருத்துவச் சாதனங்களுக்குத் தனி விதிகள் வகுத்தது. மலேசியாவில் 2012ஆம் ஆண்டின் மருத்துவச் சாதனச் சட்டம், அதாவது சட்டம் 737, 2013 ஜூன் 30 அன்று நடைமுறைக்கு வந்தது. இதன்படி சாதனங்கள் அபாய அளவுக்கேற்ப ஏ முதல் டி வரை வகுக்கப்பட்டு, மருத்துவச் சாதன ஆணையத்தில் பதிவு பெற்ற பின்பே சந்தைக்கு வர வேண்டும்.

சோதனை முடிவு சோதிக்கப்பட்ட அமைப்புக்கு மட்டுமே பொருந்தும். ஒரு நிறுவனத்தின் திருகில் இன்னொரு நிறுவனத்தின் கம்பியைப் பொருத்தினால், அந்தச் சேர்க்கையை யாரும் 50 லட்சம் சுற்று ஓட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆகவே முதுகில் கம்பி வைக்கப்போகும் ஒவ்வொருவரும், அவர் சார்பில் கையெழுத்திடும் குடும்பத்தாரும், கருவியின் பெயரையும் தயாரிப்பாளரையும் தொகுதி எண்ணையும் கேட்டுப் பெறுங்கள். உறையில் ஒட்டிவரும் சீட்டின் நகலை மருத்துவ அட்டையோடு பத்திரப்படுத்துங்கள். பிற்காலத்தில் கம்பி ஒடிந்தாலோ, தயாரிப்பாளர் அதைத் திரும்பப் பெற்றாலோ, மருத்துவர் முதலில் தேடுவது அந்தச் சீட்டைத்தான்.